ஐஸில் வைத்த ரத்தம்

எண்பதுகளில் திண்டிவனத்தில் எனக்கு மீன் வியாபாரம். பொம்மையார்பாளையத்துக் கரையில் விடியற்காலை ஏலம் எடுத்து, ஐஸ் போட்டுக் கொண்டுவந்து விற்பேன். என் கூடையில் மீன் கெட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவுக்கு உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம் பரவிப் புண்ணானது. முள் குத்தியது என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே இருந்தாள். மெட்ராஸில் காட்டியபோது தோல் புற்றுநோய் என்று சொல்லி, அறுத்தெடுத்தார்கள். அதற்குள் தொடையிடுக்கில் கட்டி வந்துவிட்டது. மாதாமாதம் ஊசி மருந்து, போட்டால் நாள்கணக்கில் வாந்தி. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு பார்ப்பார்கள். அது குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, ஏறினால் செய்யவில்லை.

ஒருமுறை வாந்தியில் துவண்டு, அக்காவால் பஸ் ஏற முடியவில்லை. ரத்தத்தை மட்டும் விழுப்புரத்திலேயே எடுத்துக் கொடுங்கள், நான் கொண்டுபோகிறேன் என்றேன். "குலுக்காம எடுத்துக்கினு போங்க" என்று லேப்காரர் பாட்டிலைக் கொடுத்தார். சித்திரை வெயில். மெட்ராஸ் போவதற்குள் எது கெடும், எது கெடாது என்று எனக்கா தெரியாது? தூக்குவாளியில் ஐஸை உடைத்துப் போட்டு, வஞ்சிரத்துக்குச் செய்வதுபோலக் கல்லுப்பும் தூவி, பாட்டிலை நடுவில் புதைத்தேன். பஸ்ஸில் வாளியை மடியைவிட்டு இறக்கவில்லை.

மறுநாள் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அளவு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். இனி ஊசி போட்டுப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அக்காவிடம் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் "சரிடா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வலி மாத்திரை வாங்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டரம்மா லீவு முடிந்து வந்திருந்தார்.

"கட்டி சுருங்கிக்கிட்டு வந்துதே, ரத்தம் மட்டும் ஏன் இப்படிக் காட்டுது? எப்படிக் கொண்டுவந்தீங்க?"

பெருமையாகச் சொன்னேன், உப்பு உட்பட.

"ஏன்யா, அது என்ன மீனா?"

உப்புப் போட்டால் ஐஸில் குளிர் இன்னும் ஏறுமாம். ரத்தமே ஐஸ்கட்டியாகிவிட்டால் அதிலுள்ள அணுக்கள் வெடித்து, உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடுமாம். நல்ல ஆளின் ரத்தத்திலும் அளவு ஏறுமாம். அக்காவையே கூட்டி வரச் சொன்னார், இங்கே எடுத்துப் பார்க்கலாம் என்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நேரே விழுப்புரத்துக்கு ஓடினேன்.

அக்கா நெத்திலிக் குழம்புக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்து மாதக்கணக்காகிறது. விஷயத்தைச் சொன்னேன். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அப்ப மறுபடியும் ஊசியா?"

"அளவு கொறைஞ்சிருந்தா ஊசிதான்க்கா. நீ பொழைச்சிக்குவ."

"ஊசி இல்லன்னு நீ சொன்ன அன்னிக்கிதான்டா நான் நல்லா தூங்கினேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சாவறதுல இன்னாக்கா நிம்மதி?" என்று கத்தினேன்.

"மாசாமாசம் நீயாடா வாந்தி எடுத்துக்கினு கெடக்கற?"

ஆனாலும் அவள் கிளம்பி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருந்தோம். அளவு குறைந்திருக்க வேண்டும் என்று மயிலம் முருகனை வேண்டினேன். பக்கத்தில் அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள். என்ன வேண்டினாள் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

குறைந்துதான் இருந்தது. நான் அங்கேயே தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா என் முதுகில் கை வைத்தாள்.

"அழாதடா. அந்தத் தூக்குவாளிய எடுத்துக்கினு வந்தியா? வாந்திக்கு வேணும்."

பிறகு முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, ஊசிக்குக் கையை நீட்டினாள்.