மாமியார் சாப்ட்வேர் ஆன கதை

ஒரு மென்பொருள் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று புரோகிராமர்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் 'தெளிவு மேடம்' என்று பெயர். பல் மருத்துவமனை விவகாரத்துக்குப் பிறகு அந்தப் பெயரை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

"குறித்த நேரத்தில் வராதவரின் முறையை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்." அந்த மருத்துவமனையின் மென்பொருளுக்கு அவள் எழுதியது இவ்வளவுதான். பச்சைக் குழந்தைக்கும் புரியும். மென்பொருளும் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. போனில் 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை அமுக்கத் தெரியாத ஒரு பெரியவரை, வீங்கிய கன்னத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தவரை, வராதவர் கணக்கில் சேர்த்துவிட்டது. அவர் கண் முன்னாலேயே மற்றவர்கள் உள்ளே போய் வந்தார்கள். டாக்டரம்மா கொதித்துப்போனார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற கம்பெனியப் பாத்துக்கறேன்!" அவளுக்கோ அதைவிட அந்தக் கன்னம்தான் உறுத்தியது.

கூடுதல் அவகாசம் கொடுத்துத் திருத்தி எழுதியதை அன்று மாலை மாமியாரிடம் நீட்டினாள். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச அந்த வீட்டில் ஆளில்லை.

"அத்தை, நீங்கதான் சாப்ட்வேர். எழுதினதை மட்டும் செய்யணும். சொந்த மூளையைப் போடக்கூடாது."

"உன் மாமாகிட்ட இத்தனை வருஷம் அதைத்தானே செஞ்சேன்!"

கணவன்தான் நோயாளி. வந்தான், உட்கார்ந்தான், பொத்தானை அமுக்காமல் பேப்பரைப் பிரித்தான். மாமியார் அவகாசம் முடியும்வரை பொறுத்துவிட்டு, "ஆள் வரலை" என்று அறிவித்தார்.

"அம்மா, எதிர்லயே உக்காந்திருக்கேனே! பெத்த பிள்ளை கண்ணுக்குத் தெரியலையா?"

"சாப்ட்வேருக்கு ஏதுடா கண்ணு?"

விழுந்து விழுந்து சிரித்தவள் பாதிச் சிரிப்பில் பேனாவைத் தேடினாள். எத்தனை அவகாசம் கொடுத்தாலும் கண் இல்லாதது எப்படிப் பார்க்கும்? கண் உள்ளவரிடம் கேட்கச் சொல்ல வேண்டும். "முறையை மாற்றும் முன், வரவேற்பாளரின் திரையில் 'இவர் அறையில் இருக்கிறாரா?' என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை மாற்றக் கூடாது."

"அவ டீ குடிக்கப் போயிட்டா?" என்றார் மாமியார்.

அப்போது டாக்டரின் திரையில் கேட்க வேண்டும் என்று அதையும் சேர்த்தாள்.

புதிய மென்பொருள் வந்த நாளன்று மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தாள். மூலையில் ஒரு லாரி டிரைவர், போன் சட்டைப்பையில் கிடக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நேரம் வந்தது, தாண்டியும் போனது. வரவேற்புப் பெண் திரையில் வந்த கேள்வியைப் பார்த்தாள். தலை நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். எழுந்து போய் அவர் தோளைத் தொட்டாள்.

"அண்ணே, உங்க முறைதான். வாங்க."

டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போனார். பார்த்துக்கொண்டிருந்த தெளிவு மேடத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வெளியே ஓடி முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, பொத்தானை அமுக்காதவரைப் பாத்துட்டாங்க!"