நியூட்ரலில் நிற்காத படகு

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம் நடந்தது இது. பவானிக்குக் கீழே காவிரி ஓரத்தில் எங்கள் வாழைத் தோட்டம். கதவணையில் தண்ணீரைத் தேக்குவதால் அந்த இடத்தில் ஆறு ஏரி மாதிரி அகன்று கிடக்கும். தோட்டத்தில் இரண்டு அறை கட்டி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்க விட்டிருக்கிறோம். நடத்துவது நானும் என் நாத்தனாரும்தான். என் வீட்டுக்காரருக்குச் சிங்காநல்லூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

தங்க வருகிறவர்களை ஆற்றில் அழைத்துப்போகக் கேரளாவிலிருந்து ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினோம். எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். ப்ரொப்பெல்லரைச் சுற்றவைக்கும் டிரைவ், வால் மாதிரி பின்பக்கம் வெளியே தொங்கும். ஓட்டுகிறவர் கையில் ஒரு லீவர். முன்னால் தள்ளினால் படகு முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் வரும், நடுவில் வைத்தால் நியூட்ரல். நாத்தனார் முறையாகப் படகு ஓட்டப் பழகியிருந்தாள். அனுமதி தருகிற அதிகாரி மறுநாள் மதியம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதில் தவறினால் அந்த சீசனே போய்விடும். எதற்கும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முதல் நாள் காலையிலேயே கிளம்பினோம்.

போகும்போது அருமையாகப் போனது. திரும்பிக் கரைக்கு வரும்போது அவள் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தாள். படகு கேட்கவே இல்லை, அது பாட்டுக்கு முன்னால் போனது. நேர் எதிரே படித்துறை. அங்கே ஒரு அம்மா குனிந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நிக்க மாட்டேங்குதுங்க" என்றாள். குரலே மாறிப்போயிருந்தது.

நான் பாய்ந்து சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். அவள் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினாள். படகு வந்த வேகத்திலேயே படித்துறையை உரசினாற்போலப் போய்க் கோரைப் புல்லுக்குள் சொருகிக்கொண்டது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க, உங்க அலையில என்ர சோப்பு போயிருச்சுங்க" என்றார். அந்தப் பயத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டிராக்டர் வைத்துப் படகைக் கரையேற்றிப் பார்த்தால், டிரைவுக்குப் போகிற கியர் கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது. படகோடு ஒரு புதுக் கேபிளும் கொடுத்திருந்தார்கள். மாட்டத்தான் ஆளில்லை. பக்கத்து ஊர் மெக்கானிக்குகள் பைக் என்றால் வருகிறோம், படகு வேண்டாம் என்று நழுவிவிட்டார்கள். படகை விற்றவரிடம் கேட்டதும் கொச்சியில் ஒரு மெக்கானிக்கின் எண் தந்தார். முன்பின் தெரியாத மனிதர். விஷயத்தைச் சொன்னதும், வீடியோவில் காட்டுங்கள், நீங்களே மாட்டிவிடலாம் என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். "பேடிக்க வேண்டாம், பயப்படாதீங்க. மெதுவா செய்யலாம்" என்றார்.

டிரைவ் நல்ல கனம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிணற்று மோட்டார் தூக்குகிற மூணுகால் செயின் பிளாக்கை வாங்கிவந்து, நட்டுகளைக் கழற்றி டிரைவைத் தூக்கினோம். பழைய கேபிளை உருவிவிட்டுப் புதியதை உள்ளே விட்டோம். தண்ணீர் புகாமல் அதைச் சுற்றியிருக்கிற ரப்பர் குழாயின் கிளாம்பை அவர் மூன்று முறை இறுக்கச் சொன்னார். அது லூசாக இருந்தால் படகே மூழ்கும் என்றார்.

டிரைவைத் திரும்பப் பூட்டியதும் அட்ஜஸ்ட்மென்ட். சாவியை எடுத்து என் மடியில் முடிந்துகொண்டேன். நாத்தனார் லீவரை மாற்ற மாற்ற, நான் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் தடையில்லாமல் சுற்ற வேண்டும், கியரில் பிடித்துக்கொள்ள வேண்டும். முன் கியர் பிடித்தது, பின் கியர் வழுக்கியது. கேபிள் முனையிலுள்ள திருகைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். இப்போது பின் கியர் பிடித்தது, நியூட்ரலில் உரசியது. ஒரே ஒரு முறை "ஒரு நிமிஷம்" என்று போய்விட்டு வந்தார், மற்றபடி சலிக்கவே இல்லை. மறுபடி கால் சுற்று, மறுபடி அரைச் சுற்று. கடைசியில் நடுவில் வைத்ததும் ப்ரொப்பெல்லர் என் விரல் பட்ட மாத்திரத்தில் சுற்றியது. முன்னால் தள்ளியதும் கெட்டியாகப் பிடித்தது.

வெயில் சாய்வதற்குள் படகைத் தண்ணீரில் இறக்கினோம். லீவரைத் தள்ளினாள், 'டக்'கென்று விழுந்தது, படகு கிளம்பியது. நடு ஆற்றில் நியூட்ரல் போட்டாள். நின்றது. பின்னால் இழுத்தாள். வந்தது. நாங்கள் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. செல்போனை ப்ரொப்பெல்லர் பக்கம் காட்டி, "பாருங்க சேட்டா, பாருங்க" என்று நாத்தனார் குதித்தாள்.

 அவர் முதல் முறையாகக் கேமராவைத் தன் பக்கம் திருப்பினார். இளவயசுக்காரர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பின்னால் ஆஸ்பத்திரி வராந்தா.

"எனக்குப் பெண் குழந்தை. இப்பத்தான் வந்து சொன்னாங்க. அம்மாவும் குழந்தையும் சுகம்" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவியைப் பிரசவத்துக்கு உள்ளே அனுப்பிவிட்டா இவ்வளவு நேரம் எங்களோடு நட்டும் திருகும் பேசிக்கொண்டிருந்தார்? "சொல்லியிருந்தா போனை வச்சிருப்போமுங்களே" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்லல. காலைல இருந்து ஒரு இடத்துல உட்கார முடியல. உங்க கேபிள் வேலை வந்ததாலதான் நான் உட்கார்ந்திருந்தேன். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றார்.

நாத்தனார் அழுதே விட்டாள். மறுநாள் அதிகாரி வந்தார், ஓட்டிப் பார்த்தார், நல்லபடியாக அனுமதியும் தந்தார். அந்தச் செய்தியைச் சொல்லக் கூப்பிட்டபோது, குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே, கிளாம்பை இன்னொரு தடவை பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார்.

அடுத்தவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று ஒரு உதவி கேட்கக்கூட யோசிக்கிறவள் நான். இப்போதெல்லாம் தயங்காமல் கூப்பிட்டுவிடுகிறேன், அந்தப் பக்கமும் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம் இல்லையா.