பூசையில் வைத்த பூட்ஸ்

போன வாரம் ஆயர் கெரோவில் ஒரு மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய திரையில் ஏதோ வெளிநாட்டுப் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நடுத்திடலில் ஒரு பொடியன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தான். அவ்வளவுதான் செய்தான். பக்கத்து மேசையில் ஜெர்சி போட்டிருந்த தம்பிக்குப் பொறுக்கவில்லை. ரொட்டிச் சானாய் வாயோடு கத்தினான்: "என்னாடா பாத்துக்கிட்டே நிக்கிற? ஓடுடா தூங்குமூஞ்சி!"

எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, அவன் தூங்கல. பாக்குறான். கொஞ்சம் பொறுலா" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஆண்ட்டிக்குப் பந்துலாம் தெரியுமா?" என்றான். உனக்குப் பல் முளைப்பதற்கு முன்னாலிருந்தே தெரியும் என்றேன். சிரிக்காமல்தான் சொன்னேன். அவன் அப்போதுதான் எங்கேயோ விளையாடிவிட்டு வந்திருந்தான் போல. முழங்காலில் தேய்த்திருந்த சூட்டெண்ணெயின் வாடை என் மேசை வரைக்கும் வந்தது. அந்த வாடை வந்தால் பிறகு நான் எங்கே உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை. என் தே ஆறிப் போனது. நான் மனதால் சிம்பாங் அம்பாட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துத் திடலுக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பூச்சி மாதிரி இருக்கும் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். ஞாயிறு மாலை திடலுக்குப் போய் இருபத்திரண்டு பேர் முழு உருவத்தில் ஓடுவதைப் பார்த்தால்தான் கண்ணுக்கு உயிர் வரும். மற்றப் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு பேசுவார்கள். நான் கோட்டோரம் நின்று கத்துவேன். "ரெப்ரி வந்துட்டாடி" என்று கேலி செய்வார்கள். ஆப்சைடு என்றால் என்னவென்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரியாததாலேயே எல்லாவற்றுக்கும் ஆப்சைடு என்று கத்துவேன். சில சமயம் சரியாகவும் இருந்துவிடும். அன்றைக்கெல்லாம் என் நடையே வேறு.

எங்கள் குழுவுக்கு நடுத்திடலில் ஆடியவன் கதிர். பதினெட்டு வயது. குச்சிக் கால். ஓட்டம் என்று எதையும் சொல்ல முடியாது. பந்து வந்தால் நிறுத்துவான், தலையைத் தூக்குவான், பார்ப்பான். அதற்குள் திடலோரம் முழுவதும் "அடிடா! அடிடா!" என்று கொதிக்கும். தோட்டத்து ஆட்களுக்கு நாலு பேரை ஏமாற்றிக்கொண்டு ஓடுகிறவன்தான் ஆட்டக்காரன். இவனுக்குக் கரண்டு கம்பம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

அவனோ ஆளே இல்லாத ஒரு வெற்றிடத்துக்குப் பந்தைத் தட்டிவிடுவான். ஐயோ போச்சே என்று எல்லோரும் தலையில் கை வைக்கும்போது வலது ஓரத்திலிருந்து சுரேன் அங்கே வந்து நிற்பான். சுரேன் கதிரின் கூட்டாளி, அடுத்த வீட்டுக்காரன். பந்தும் அவனும் பேசிவைத்துக்கொண்டு வருவதுபோல் வருவார்கள். பிறகு கோல். கைதட்டல் முழுவதும் சுரேனுக்கு. கதிர் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பிப் போவான்.

எப்படிடா என்று ஒருநாள் கேட்டேன். "சின்னப் புள்ளைல திடல் கெடைக்காதுக்கா. பெரியவங்க வெளாடுவாங்க. நாங்க செம்பனைக்குள்ளதான் வெளாடுவோம்" என்றான். அதற்கு மேல் விளக்கவில்லை. நான் செம்பனைக்குள் போய் நின்று பார்த்தேன், அப்படி ஒரு பைத்தியம் எனக்கு. ஒரு நிரையில் நின்றால் அடுத்த நிரையில் இருக்கும் ஆள் தெரியமாட்டான். மட்டையும் மரமும் மறைத்துக்கொள்ளும். ஆளைப் பார்த்துப் பந்து போட அங்கே வழியே இல்லை. இடைவெளிக்குத்தான் போட முடியும். மற்றவன் அங்கே வந்துவிடுவான் என்று நம்ப வேண்டும். அன்றைக்கு எனக்கு ஆட்டம் புரிந்தது. இந்தப் பையன் மலாக்கா மாநில இளையோர் குழுச் சட்டையைப் போடப்போகிறான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி எல்லோரிடமும் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்தவர்கள் பேரை இன்றைக்கும் சொல்வேன்.

இந்த இடத்தில் சரசு அத்தையைச் சொல்ல வேண்டும். கதிரின் அம்மா. தோட்டத்தில் உரம் போடும் வேலை. பந்தாட்டத்தில் எந்தப் பக்கம் யார் கோல் என்றுகூடத் தெரியாது. மகன் மேல் யாரும் இடிக்கக்கூடாது, அதுதான் அத்தைக்குத் தெரிந்த ஒரே சட்டம்.

மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அது பெரிய நாள். டிராக்டர், லோரி எல்லாம் கோயில் வாசலில் மாலை போட்டுக்கொண்டு நிற்கும். சூடம் காட்டியதும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டுவிடும். குலை வெட்டும் கத்தி, பாராங் அரிவாள், மண்வெட்டி எல்லாம் உள்ளே போய்ச் சாமி காலடியில் உட்காரும். மறுநாள் டவுனிலிருந்து பூசாரி வந்து மறுபூசை முடிக்கும்வரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது.

அந்த வருடம் சரசு அத்தை கதிரின் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, காய வைத்து, தாம்பாளத்தில் கொண்டுவந்தார். மாரிமுத்து மண்டோர் தடுத்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவரும் அவர்தான், கோயில் தலைவரும் அவர்தான்.

"என்னா சரசு, செருப்பக் கொண்டாந்து கோயிலுக்குள்ள வைக்கிற?"

"இது செருப்பு இல்ல மண்டோரே. எம் புள்ளையோட ஆயுதம். ஒங்களுக்குக் கத்தின்னா அவனுக்கு இது."

மண்டோர் பூட்ஸையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நகர்ந்து வழி விட்டார். பூட்ஸுக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, கத்திகளுக்கு நடுவே வைத்தார்கள். கரண்டு கம்பம் என்று கேலி செய்தவர்கள் எல்லாம் அந்த பூட்ஸைக் கும்பிட்டுவிட்டுத்தான் திருநீறு வாங்கினார்கள்.

பூசை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தேர்வை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம். நாளைக் காலை எட்டு மணிக்கு மலாக்கா டவுன் திடலில் கதிர் நிற்க வேண்டும். எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். கதிர் சிரித்துக்கொண்டே திரும்பி, "அம்மா, பூட்ஸ்..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டான்.

மறுபூசை மறுநாள் பத்து மணிக்கு.

அத்தை ஓடிப்போய் மண்டோரிடம் நின்றார். அவர் தலையை ஆட்டினார். "சாமிகிட்ட வச்சத எப்படி எடுக்குறது?"

நான் விடவில்லை. "டிராக்டர விட்டீங்கல்ல? இத விடமாட்டீங்களா?"

"டிராக்டர் வெளிய நின்னு சூடம் வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. இது உள்ள வந்து உக்காந்திருச்சு."

"சாமிக்கு எதுக்கு மண்டோரே எட்டாம் நம்பர் பூட்ஸு?"

யாரோ சிரித்தார்கள். மண்டோர் சிரிக்கவில்லை. அவருக்கும் அது வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. சரசு அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "நீயே சொல்லு சரசு. செருப்புன்னு சொன்னா இப்பவே தூக்கி வெளிய போட்டுர்றன். கோயில கழுவி விட்டுக்கலாம். ஆயுதம்னா நாளைக்குத்தான்."

அத்தை வாயைத் திறந்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சொல்தானே. அத்தை வாயில் அது வரும் முன் கதிர் குறுக்கே வந்தான். "ஆயுதந்தான். அம்மா சொன்னது சொன்னதுதான். இருக்கட்டும்" என்றான். அவன் அவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெருமையாகவும் இருந்தது.

காலையில் கோல்கீப்பரின் பத்தாம் நம்பர் பூட்ஸில் காலுறைகளைத் திணித்துக்கொண்டு போனான். சுரேன் மோட்டாரில் அவன். என் மோட்டாரில் பின்னால் சரசு அத்தை.

தேர்வுக்கு வந்த பையன்களைக் கலந்துகட்டி இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். கதிரைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவனைக்கூட அவனுக்குத் தெரியாது. முதல் ஐந்து நிமிடத்தில் பெரிய பூட்ஸ் தடுக்கி ஒருமுறை விழுந்தான். சிரித்தார்கள். எழுந்தான். பிறகு பந்து வந்தது. நிறுத்தினான், பார்த்தான், வலது ஓரத்து வெற்றிடத்துக்குத் தட்டினான். பூட்ஸ் எதுவாக இருந்தால் என்ன, பந்து நூல் பிடித்தது மாதிரி போனது. ஓரத்தில் ஆடிய பையன் நின்ற இடத்திலேயே நின்று அது கோட்டைத் தாண்டி உருள்வதை வேடிக்கை பார்த்தான். திரும்பவும் அப்படி. திரும்பவும்.

என் பக்கத்தில் நின்ற சுரேனைக் காணோம். பார்த்தால் கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறான். கதிர் தலையைத் தூக்கும்போதே இவன் கால் கிளம்பிவிடுகிறது. பந்து கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சுரேன் நின்று காலால் நிறுத்தினான். தேர்வுக்கு அவன் பேர் கொடுக்கவே இல்லை. ஓரத்தில் யார் வேண்டுமானாலும் ஓடலாம், கதிர் ஒருவன் போனால் போதும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சுரேனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

தொப்பி போட்ட தேர்வாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் சொன்னார், ஆள் இல்லாத இடத்துக்கே போடுகிறான் என்று. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் மலாயிலேயே கத்தினேன். ஆள் இல்லாத இடம் இல்லை என்சேக், ஆள் போகாத இடம் என்றேன். அதோ கோட்டுக்கு வெளியே நிற்கிறானே, அவனைப் பாருங்கள் என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். சுரேனை இல்லை, என்னைத்தான். தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்று கத்தினேன்.

கதிரை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது மறுபூசை முடிந்து, பூட்ஸ் பொட்டும் வாடிய பூவுமாகக் கோயில் வாசலில் இருந்தது. மண்டோர் அதைத் தன் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்காக நின்றிருந்தார்.

அடுத்த வருடம் இருக்கிறது, சுரேனையும் சேர்த்து அனுப்புவோம் என்று நான் சூளுரைத்தேன். அடுத்த வருடத்துக்குள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சுரேன் குடும்பம் ஜோகூருக்குப் போனது, அங்கிருந்து அவன் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தான். கோல்கீப்பர் கிள்ளானுக்கு. மண்டோர் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். நாங்கள் டவுனுக்கு வந்தோம். கதிர் கொஞ்ச நாள் டவுனில் ஒரு குழுவில் ஆடிப் பார்த்தான். அவன் போட்ட பந்துகள் எல்லாம் வெளியே உருண்டன. மெதுவாக நிறுத்திக்கொண்டான். இப்போது ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். பாவம் என்று யாரும் சொல்ல வேண்டாம், சொன்னால் எனக்குப் பிடிக்காது.

சரசு அத்தை அடுக்குமாடி வீட்டில் என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கிறார். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் கத்தரிக்கோல், தையல் மிசின், சமையல் கத்தி எல்லாம் வைப்பார். மகன் சாமான் எதையும் வைக்கமாட்டார். வைத்து முடித்ததும் என்னைப் பார்த்து, "அன்னைக்கு நான் மட்டும் அதக் கொண்டு போகாம இருந்திருந்தா..." என்பார். நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: "பூட்ஸ் இல்லத்தே. பூட்ஸ் என்னா செஞ்சுச்சு? அவன் போட்ட பந்து ஒண்ணுகூடத் தப்புல்ல." அத்தை நம்புவதில்லை. நான் நிறுத்துவதும் இல்லை. ஊரே அது பூட்ஸால் போனது என்கிறது. கதிருக்குத் திறமை அவ்வளவுதான் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் செம்பனைக்குள் போய் நின்று பார்க்கவில்லை.

மாமாக் கடையிலிருந்து நேரே வீட்டுக்குப் போகாமல் காரைச் சிம்பாங் அம்பாட் பக்கம் விட்டேன். செம்பனை இல்லை, கோயில் இல்லை, லயம் இல்லை. புதிதாக வந்த தாமான் குடியிருப்பின் பேர்ப்பலகை ஒன்று நிற்கிறது. திடலின் வலது ஓரக் கோடு ஓடிய இடத்தில் வரிசையாக வீட்டு வாசற்கதவுகள். சுரேன் வந்து நின்ற இடம் எந்தக் கதவு என்றுகூட என்னால் காட்ட முடியும். இறங்கி அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு நாய் குரைத்தது, யாரைத் தேடுகிறீர்கள் என்று ஓர் அம்மா கேட்டார். யாரையும் இல்லை என்றேன்.

கதிர் போட்ட பந்து சரியான இடத்துக்குத்தான் வந்தது. அங்கே ஓடிவர வேண்டிய எங்களைத்தான் ஒருவர் விடாமல் அங்கிருந்து பெயர்த்து எறிந்துவிட்டார்கள்.