கடல் பேன்

தொண்ணூறுகளின் நடுவில், சேலையூரில் எங்கள் காலனிக்குக் குடிதண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. நானோ கோவளத்திலிருந்து ஸ்கூட்டரில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு கேன், பின்னால் ஒரு கேன். முதல் நாளே கேம்ப் ரோடு திருப்பத்தில், குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண்மணி மடக்கினார்.

"இன்னா சார், லாரி எந்தத் தெருவுல நிக்குது?"

"லாரி இல்லம்மா. இது கடல் தண்ணி."

"சொல்ல இஷ்டம் இல்லன்னா வுட்டுடு சார். அதுக்கு இன்னாத்துக்குப் பொய்யி?"

அவர் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினேன். நக்கிப் பார்த்துத் துப்பினார். பிறகு, வீட்டில் சொல்லி வைத்தியம் பார்க்க வேண்டிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்து வழிவிட்டார்.

எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அங்கே என் பேச்சை யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு சின்னக் கடலாவது என் உத்தரவுப்படி நடக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ, வரவேற்பறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்தேன். கரையில் பொறுக்கிய பாறைத் துண்டுகள், அவற்றோடு ஒட்டிவந்த பாசி, மூன்று நீல மீன்கள். காலனியே வந்து பார்த்துவிட்டுப் போனது.

இரண்டாம் மாதம் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. உற்றுப் பார்த்தால் நகர்ந்தன. ஒரே வாரத்தில் பாறை, மணல், கண்ணாடி எல்லாமே ஊர்ந்தன. என் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"பேன். உங்க கடலுக்குப் பேன் புடிச்சிருக்கு."

மறுநாள் காலனி நலச்சங்கத்தின் செயலாளர் வந்துவிட்டார். தணிக்கை வேலையில் ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு ஒரு குறையாவது கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"சார், இன்னிக்கு உங்க டேங்க்ல இருக்கு. நாளைக்கு எல்லார் சம்ப்லயும் இருக்கும். ஹெல்த் மேட்டர்."

"இது உப்புத் தண்ணியில மட்டும்தான் உயிரோட இருக்கும் சார்."

"நம்ம போர் தண்ணி மட்டும் இனிக்குதா?"

மாலையில் அறிவிப்புப் பலகையில் 'அபாயகரமான பூச்சிகள்' என்று ஒரு தாள் தொங்கியது. நிலைமையைக் கண்காணிக்கச் செயலாளர் தினமும் வரலானார்.

நான் போர் தொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், ரப்பர் குழாயால் அடிமணலை உறிஞ்சினேன், பழைய வேட்டியில் தண்ணீரை வடிகட்டினேன். இரண்டு நாளில் முன்னைவிட அதிகமாக வந்து நின்றன. கடைசியில் பக்கத்துத் தெரு விலங்கியல் பேராசிரியரை அழைத்துவந்தேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"பேன் இல்ல சார். இறால், நண்டுக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். மீனை ஒண்ணும் பண்ணாது. தீனி மிஞ்சினா இப்படித்தான் பெருகும். எத்தனை வேளை போடறீங்க?"

"ஒரு வேளைதான்."

"அப்ப வேற யாரோ போடறாங்க."

வீட்டில் விசாரித்தேன். நான் ஆபீஸ் போனதும் மனைவி தன் பங்குக்கு ஒரு பிடி போட்டுவந்தாள். "பாவம், வாயைத் திறந்து திறந்து மூடுதுங்களே!" அன்று மாலை, கண்காணிப்புக்கு வந்த செயலாளர் காபியோடு நாங்கள் தந்த பிஸ்கட்டைத் தொட்டிக்குள் நொறுக்கிப் போடுவதைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"சும்மா ஒரு டெஸ்டுக்கு சார்" என்றார்.

தீனியை நிறுத்திவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். பொறுக்கவில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் சுண்டுவிரல் நீளத்தில், பச்சையும் ஆரஞ்சுமாக வரி போட்ட ஒரு மீனைக் காட்டினார்.

"இது இந்தப் பூச்சியத் தவிர வேற எதையும் தொடாது சார். ரெண்டே மாசம், க்ளீன்."

அதை மீனுக்கான பாராட்டாக எடுத்துக்கொண்டு வாங்கிவந்தேன்.

சொன்னது போலவே ஆயிற்று. மீன் காலை முதல் மாலைவரை கொத்திக்கொண்டே இருந்தது. தொட்டி பளிச்சென்று ஆனது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர், "சங்கத்தின் தொடர் நடவடிக்கையால் பூச்சி அறவே ஒழிக்கப்பட்டது" என்று வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த வாரமே மீனின் வயிறு ஒட்டத் தொடங்கியது. இறால் பொடி கொடுத்தேன்; அவித்த முட்டையின் மஞ்சள் கரு கொடுத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்ம புள்ளைங்களுக்குக்கூட இவ்ளோ கெஞ்சினதில்ல" என்றாள் மனைவி. பூச்சியைப் பாட்டிலில் வளர்க்கலாம், ஆனால் விதைக்குக் கொஞ்சம் வேண்டுமே என்றார் பேராசிரியர். கோவளம் போய்ப் பாறையைச் சுரண்டியும் நாலைந்துதான் தேறின. ஒழித்துக்கட்டியதை யாரிடம் போய்க் கேட்பது?

செய்தி கேள்விப்பட்ட செயலாளர் என்னைத் தன் வீட்டுக்குத் தனியாகக் கூப்பிட்டார். சமையலறை ஜன்னலில், வெயில் படும் இடத்தில், துணி கட்டிய ஒரு ஜாம் பாட்டில். பச்சைத் தண்ணீர். வெளியே 'சான்று - 1' என்று சீட்டு. உள்ளே ஆயிரக்கணக்கில் துள்ளிக்கொண்டிருந்தன.

"நகராட்சிக்குப் புகார் அனுப்ப அப்பவே உங்க டேங்க்லேர்ந்து மோந்து வச்சேன் சார். அனுப்பல. தூக்கிப் போடவும் மனசு வரல. உயிரு இல்லியா?"

நான் பாட்டிலை எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க. நாளைக்கு யாராவது கேட்டா?"

'மேற்படி பூச்சிகளை எனக்கு வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, 'பூச்சிகளை' என்பதை அடித்து 'உயிரினங்களை' என்று திருத்தினார்.

பாதியைத் தொட்டியில் விட்டேன். மீதி எங்கள் மாடியில் ஏழு பாட்டில்களாகப் பெருகியது. மீன் உடம்பு தேறியது. அதன் பிறகு ஒன்றரை வருடம் இருந்தது. ஓர் ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் காற்றுப் பம்பு நின்றபோது, நானும் மனைவியும் மாற்றி மாற்றிக் கையால் தண்ணீரைக் கலக்கிப் பார்த்தோம். காப்பாற்ற முடியவில்லை. நீல மீன்களும் போயின.

தொட்டியை நான் மறுபடி நிரப்பவில்லை. மழை விட்டதும் பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு செயலாளர் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தார். கோவளத்துப் பாறைக் குழிகளில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம்.

"சார், இங்க இதுங்களுக்குச் சாப்பாடு கெடைக்குமா?" என்று கேட்டார். அவர் குரலில் கவலை நிஜமாகவே இருந்தது.

கிடைக்கும் என்றேன்.