கைரேகை விழாத செவ்வாய்க்கிழமை

போன வருஷம் ஆடி முதல் வெள்ளிக்கு நான் விளக்கு பூஜைக்கு வரவில்லை. இரண்டாம் வெள்ளிக்கும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று உங்களிடம் சொல்லி அனுப்பினேன். அது பொய். நம் அங்காளம்மன் மேல் எனக்குக் கோபம். அந்தக் கோபம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு நான் பட்ட கடனில் இதுவும் ஒன்று.

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். கச்சிராயபாளையம் பக்கம், மலை அடிவாரத்தில் ஒரு தொகுப்பு வீடு. சொந்த நிலம் கிடையாது. நானும் வீட்டுக்காரரும் கரும்பில் காய்ந்த சோகையைக் கழிப்போம், குச்சிக்கிழங்கு பிடுங்குவோம். இங்கே வேலை இல்லாத மாதங்களில், கூலிக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியோடு கர்நாடகாவுக்கு இஞ்சி நடப் போவோம். ஒரே மகள் பவித்ரா. பன்னிரண்டாவது முடித்ததும் நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. அரசாங்க உதவித்தொகை வரும், அது வந்ததும் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சேர்த்தோம்.

முன்பெல்லாம் அந்தப் பணம் நேராகக் கல்லூரிக்கே போகுமாம். இப்போது பிள்ளையின் கணக்குக்கு வருகிறது. பவித்ரா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தொடங்கிய கணக்கு ஒன்று இருந்தது. அதன் பாஸ்புத்தகத்தைத்தான் மனுவோடு கொடுத்தோம். தை போனது, மாசி போனது, சித்திரையும் போனது. பணம் வரவில்லை. கூட விண்ணப்பித்த பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக வந்தது. இவளுக்கு மட்டும் வரவில்லை.

ஒரு நாள் கூலியை விட்டால்தான் கள்ளக்குறிச்சிக்குப் போக முடியும். அப்படி எத்தனை நாள் விட்டேனோ தெரியாது. அங்கே உதவித்தொகை ஆபீசில் இருந்தவர் நல்ல மனுஷர், ஒரு தடவை கூடக் கடிந்து பேசவில்லை. ஆடி பிறப்பதற்கு முன்னால் போனபோது கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பணம் போயிடுச்சும்மா. இங்க ஒண்ணும் பாக்கி இல்ல. பேங்க்ல போயிக் கேளுங்க.”

பேங்கில் பாஸ்புத்தகத்தை மிஷினுக்குள் விட்டு எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு வரி கூட ஏறவில்லை. திரும்ப ஆபீசுக்குப் போனேன். அதே பதில். இங்கே போனால் அங்கே, அங்கே போனால் இங்கே. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய் ஊரைத் தாண்டி இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அழக்கூட வரவில்லை. அலுப்புதான் இருந்தது.

இதை நான் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. பெண்ணை வெளியூர் அனுப்பிப் படிக்க வைக்கிறாளாம் என்று சிலர் ஏற்கெனவே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் வாய்க்கு நானே அவல் கொடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். உங்களிடமும் சொல்லவில்லை. அது என் தப்பு.

ஆடி இரண்டாம் வெள்ளி கழிந்த திங்கட்கிழமை பவித்ரா துணிப்பையோடு வந்து நின்றாள். கட்டணம் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, பணத்தோடு வா என்று அனுப்பிவிட்டார்கள். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

“ம்மா, எனக்குப் படிப்பு வாணாம்மா. அடுத்த தபா மேஸ்திரி கூப்புட்டா நானும் இஞ்சிக்கே வந்துடறேன்” என்றாள்.

என் வீட்டுக்காரர் இடுப்பு வலியோடு சுவரில் சாய்ந்திருந்தார். “அவதான் சொல்றாளே, வுட்டுடுமே. நம்பளால முடிஞ்சது அவ்ளோதான்” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவிடவில்லை.

நான் சாமி மாடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பாட்டு வரவில்லை, போற்றி வரவில்லை. “எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. நடந்து நடந்து காலு ஓஞ்சி போச்சி. இனிமே நான் எங்கியும் போமாட்டேன். நீயே பாத்துக்கோ” என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. பிரார்த்தனை என்றுகூடச் சொல்ல முடியாது, சண்டைதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் நம் கலா பேங்கின் ரேகை மிஷினை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்கு வருவாள். முதியோர் பென்ஷனும் நூறு நாள் கூலியும் அவளிடம் விரலை வைத்துத்தான் வாங்குகிறோம். வீட்டில் அரிசி இல்லை. என் கூலியில் கொஞ்சம் எடுக்கலாம் என்று பவித்ராவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

என் விரல் விழவில்லை. சோகை அறுத்து அறுத்து ரேகை தேய்ந்து கிடக்கிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, எல்லாம் வைத்துப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தும் வைத்தோம். சிவப்பு விளக்குதான் எரிந்தது. இந்த விரலுக்குக் கூட என்னைப் பிடிக்கவில்லையா என்று எனக்குள் ஆத்திரம் பொங்கியது.

கலா சொன்னாள்: “யக்கா, மிஷின்ல கோளாறா உங் கையில கோளாறான்னு தெரியல. பாப்பா, நீ வெய்யி பாப்போம். ரெண்டு பேருக்கும் ஒரே பேங்க்தான?”

பவித்ரா வைத்தாள். விரல் உடனே விழுந்தது. ஆனால் கலா மிஷினையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா பாப்பா, உன் ஆதாரு இந்த பேங்க்ல இல்லன்னு வருது?”

அதற்கு மேல் எனக்கு அடக்க முடியவில்லை. உதவித்தொகை வராதது, ஹால் டிக்கெட், எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் கொட்டிவிட்டேன். கலா தன் செல்போனில் பவித்ராவின் ஆதார் எண்ணைப் போட்டுத் தேடினாள். நாங்கள் கேள்விப்படாத ஒரு பேங்கின் பெயர் வந்தது. அரசாங்கப் பணம் பாஸ்புத்தகத்தைப் பார்த்துப் போகாது, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரைச் சேர்த்தோமோ அங்கேதான் போகும் என்று அவள் விளக்கினாள்.

பவித்ராதான் முதலில் புரிந்துகொண்டாள். “ம்மா, இஞ்சிக்குப் போனோமே.”

பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த கையோடு அவளையும் இரண்டு மாதம் இஞ்சி நடக் கூட்டிப்போயிருந்தோம். புது ஆட்களுக்கு ஆதாரை வாங்கி அங்கேயே கணக்குத் தொடங்குவார்கள். அட்டை எங்கள் கைக்கு வராது. கூட்டத்தின் ஏடிஎம் அட்டைகள் எல்லாவற்றையும் ரப்பர் போட்டு மேஸ்திரிதான் வைத்திருப்பார். ரகசிய எண்ணையும் அட்டை மேலேயே எழுதி ஒட்டியிருப்பார். அவரே எடுத்து, முன்பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் தருவார். காலங்காலமாக அப்படித்தான். அதனால் அவளுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே எங்களுக்கு மறந்துபோனது.

மேஸ்திரி வீடு அடுத்த ஊர். நடந்தே போனோம். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். பணம் அங்கேதான் வந்திருந்தாலும், அட்டையும் எண்ணும் ஒருத்தர் கையில் இத்தனை நாள் இருந்திருக்கிறதே.

“பாப்பா கார்டா? தோ இருக்குது பாருமா” என்று பீரோவிலிருந்து அட்டைக் கட்டை எடுத்து, ஒன்றை உருவிக் கொடுத்தார்.

கச்சிராயபாளையம் ஏடிஎம்மில் பவித்ரா சீட்டு எடுத்தாள். பணம் முழுசாக இருந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. அவர் பார்க்கவே இல்லையா, பார்த்தும் தொடவில்லையா, எனக்குத் தெரியாது. எப்படியானாலும் காத்தவள் நம் அம்மன்தான்.

பவித்ரா சீட்டில் இருந்த தேதியைக் காட்டினாள். பணம் ஏறியது ஜூன் மாதம். நான் கோபித்துக்கொண்டு விளக்கு ஏற்றாமல் விட்டேனே, அதற்கு ஒரு மாதம் முன்பே. நான் அம்மனைத் திட்டிய ஒவ்வொரு நாளும் அது அங்கே இருந்திருக்கிறது. ஏடிஎம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று என் ரேகை விழுந்திருந்தால் கூலியை வாங்கிக்கொண்டு நேராக அரிசிக் கடைக்குப் போயிருப்பேன். மகளோடு மறுபடி இஞ்சிக்கும் போயிருப்பேன்.

பவித்ரா கட்டணத்தைக் கட்டிப் பரீட்சை எழுதினாள். எல்லாப் பாடத்திலும் தேறினாள். இப்போது இரண்டாம் வருஷம். எங்கள் மூவர் அட்டையும் இனி எங்களிடமே இருக்கட்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லி வாங்கிவிட்டோம். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பரவாயில்லை. படிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு நானே போய், ஆதார் எந்த பேங்கில் இருக்கிறது என்று கலாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். மூன்று வீட்டில் இதே கதை.

களைப்பு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இந்த வருஷப் பணம் இன்னும் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை இப்போது அம்மனிடமும் சொல்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன். உங்களில் யாராவது வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு தனியாக அலைந்துகொண்டிருந்தால், இந்த வெள்ளிக்கிழமை வாருங்கள். என் பக்கத்தில் உட்காருங்கள். அவளிடம் கேளுங்கள், பிறகு எங்களிடமும் சொல்லுங்கள். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டு, என் திட்டையும் பொறுத்துக்கொண்டு காத்திருந்தவள் அவள்.