கடைசிப் பிள்ளை குடிக்கும்வரை

எழுபத்து நான்காம் வருஷம் ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். மடியில் ஒரு கூடை. அதில் நிலக்கடலை, கருப்பட்டி, ஒரு கம்பளி. என் தங்கை சரஸ்வதியை சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளார்க்குக்குக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியும் நான் அவள் வீட்டைப் பார்த்ததில்லை. போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒரு தடை சொன்னார்கள். மழைக்காலம், பொம்பளை தனியாகப் போவதா என்றார் மாமனார். நான் என்ன வெல்லக்கட்டியா, மழையில் கரைந்துபோக என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பொள்ளாச்சியில் இட்லி. உடுமலைப்பேட்டையில் மூணாறு பஸ். அங்கிருந்து மலை வழி எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சின்னாறு செக்போஸ்ட் வரை காய்ந்த காடு. மறையூர் தாண்டியதும் குளிர் முதுகில் ஏறியது. வளைவுக்கு வளைவு யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி வாந்தி எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டு வண்டியில் வளர்ந்த உடம்புக்கு இதெல்லாம் தாலாட்டு.

மூணாறில் இறங்கும்போது மணி மூன்று. சூரியநெல்லிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், ஜீப்பில் ஆளுக்கு இரண்டு ரூபாய். பதினோரு பேரைத் திணித்துக்கொண்ட டிரைவர், தேவிகுளத்தில் தாலுகா ஆபீஸ், சர்க்கார் ஆஸ்பத்திரி என்று கை காட்டிக்கொண்டே வந்தார். சின்னக்கானல் கிட்டே ரோட்டோரம் இரண்டு யானைகள் நின்றன. அவர் வண்டியை நிறுத்தி பீடி பற்றவைத்தார்.

“எப்பங்க போகும்?” என்றேன்.

“அதுக்கு ஒரு திரக்கும் இல்ல சேச்சி. நமக்குத்தான் அவசரம்.”

அரைமணி நேரம் அங்கேயே கிடந்தோம்.

மறுநாள் காலை சரஸ்வதி என்னை மலைக்காடு காட்டக் கூட்டிப் போனாள். காடு என்றால் எங்கள் ஊரில் கடலை விளையும் செம்மண். இங்கே காடு என்பது மலை முழுக்க வாரிவிட்ட தலைமுடி மாதிரி வரிசை வரிசையாகத் தேயிலை. மழை பிடித்துக்கொள்ளவே, மலையடியில் ரோட்டோரம் இருந்த பிள்ளைக் கொட்டகையில் ஒதுங்கினோம். கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் தகரக் கொட்டகை அது. புடவைத் தொட்டில்கள் பத்துப் பன்னிரண்டு தொங்கின. ஒரு ஆயா இந்தத் தொட்டிலை ஆட்டிவிட்டு அந்தத் தொட்டிலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு மலை மேலிருந்து விசில் கேட்டது. அடுத்த நிமிஷம் பெண்கள் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். இடுப்பில் நனையாமல் சுற்றிய படங்குச் சாக்கு, காலில் அட்டை கடித்த ரத்தம், ரவிக்கையில் பால் ஈரம். பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தோட்டத்தில் விடுகிற கால்மணி நேரம் அது. குடித்து முடித்த பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டவர்கள் உடனே கிளம்பவில்லை. வாசலிலேயே நின்றார்கள்.

“ஏன் சரசு, இவிங்க போகாம நிக்கறாங்க?” என்று கேட்டேன்.

“ஆனைக்குப் பயந்துதான்க்கா. தனியாப் போனா மேல ஆனை நிக்கும். அதனால கடைசிப் புள்ளை குடிச்சு முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் ஏற மாட்டாங்க. எல்லாரும் ஒண்ணாத்தான் போவாங்க. வேலை வாங்கற கங்காணியும் அதுக்கு ஒண்ணும் சொல்றதில்லை.”

அன்றைக்குக் கடைசியாக உட்கார்ந்திருந்தவள் பேச்சியம்மாள். இருபது வயது இருந்தால் அதிகம். மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை. வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. திரும்ப வைத்தாள். அழக்கூடச் செய்யாமல் திருப்பிக்கொண்டது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “என்ன கண்ணு பண்ணுது?”

“முந்தாநேத்துலருந்து காச்சலுக்கா. மாமியா மாந்தம்னு வசம்பு சுட்டுத் தேச்சாவ. பக்கத்து வீட்டுல கண்ணு பட்டுருக்குன்னு சுத்திப் போட்டாவ. கம்பவுண்டரு சளிதான்னு செவப்பு மருந்து குடுத்தாரு. நேத்து வரைக்கும் குடிச்சா. இன்னைக்கு வாய் வைக்கவே மாட்டேங்கா.” சொல்லிக்கொண்டே குழந்தையின் சட்டையைத் தூக்கினாள். “இங்க பாருங்க. மூச்சு எடுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழ குழி விழுது. இது மாந்தம் இல்லக்கா. எம்பிள்ள எனக்குத் தெரியாதா?”

பார்த்தேன். எனக்கும் தெரியும் அந்தக் குழி. என் இரண்டாவது மகன் ஒரு சித்திரை மாதம் அப்படித்தான் மூச்சு விட்டான். அன்றைக்கு எங்கள் தொழுவத்தில் மாடு இருந்தது, களத்தில் வண்டி இருந்தது, பூட்டுவதற்கு ஆம்பளை இல்லை. மாமனாரும் என் வீட்டுக்காரரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். பெரியவர்கள் வரட்டும், வரட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர்கள் வந்தபோது பிள்ளை இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

கங்காணி வந்து வாசலில் நின்றார். குடை, முழங்கால் வரை பூட்ஸ். “நேரமாச்சு, ஏறுங்க.”

வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள்: “இன்னும் ஒரு பிள்ள குடிக்கல.”

அவர் காத்திருந்தார். மறுபடி விசில் ஊதினார். பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்து, “பிள்ளைய தேவிகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோணும். தோட்டத்து வண்டிய விடச் சொல்லுங்க” என்றாள்.

“கம்பவுண்டர் எழுதிக் குடுக்காம வண்டி வராது. அவரு சளின்னுட்டாரு. நீ ஏறு, சாயந்தரம் பாப்போம்.”

“நான் ஏற மாட்டேன்.”

“பேரை வெட்டிருவேன்.”

“வெட்டுங்க. பால் குடிக்காத பிள்ளைய விட்டுட்டு நான் கொழுந்து கிள்ள மாட்டேன்.”

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “அவ கெடக்கட்டும். நீங்க ஏறுங்க.”

ஒருத்தியும் நகரவில்லை. வெற்றிலைக்காரி துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள்: “அதான் சொன்னமே. இன்னும் ஒரு பிள்ள குடிக்கல.” சொல்லிவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சத்தம் இல்லை, கோஷம் இல்லை. யானைக்குப் பயந்து வந்த பழக்கம் கங்காணிக்குப் பயப்படாமல் உட்கார்ந்துகொண்டது.

சரஸ்வதி என் கையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, வா போயிரலாம். நீ இங்க இருந்தது தெரிஞ்சா அவரு வேலைக்கு ஆபத்து.”

“சரசு, உன்ற ஊட்டுக்காரருக்கு வேலை போனா நம்மூர்ல கடலைக் காடு இருக்குது. இந்தப் புள்ளை போனா எங்க இருக்குது?”

கங்காணி என்னைப் பார்த்தார். “நீங்க விருந்தாளி. ஒதுங்கிக்கிடுங்கம்மா.”

“ஏனுங்க, விருந்தாளிக்குக் கண்ணு தெரியாதுங்களா? இந்த நெஞ்சைக் கொஞ்சம் வந்து பாருங்க.”

அவர் வந்து பார்க்கவில்லை. பார்த்தால் வண்டி கேட்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் கொழுந்து லாரி வந்து நின்றது. காலையில் கிள்ளி நிறுத்துப் போட்ட சாக்குகள் ரோட்டோரம் அடுக்கியிருந்தன. சாக்கில் கிடந்தால் இலை சூடேறிச் சிவந்துபோகும், பாக்டரியில் எடுக்க மாட்டார்கள். இது பெண்களுக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். வெற்றிலைக்காரி எழுந்துபோய் சாக்குகளின் மேலேயே உட்கார்ந்தாள். மழை விட்டு வெயில் அடித்தது. கங்காணி மேலே பார்த்தார், சாக்கைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

லாரி டிரைவர் கோட்டயத்துக்காரர். இறங்கி வந்து குழந்தையை ஒருதரம் பார்த்தார். “எனக்கும் வீட்டில் ரெண்டு உண்டு” என்றார் கங்காணியிடம். “கொச்சு ஏறட்டும். நான் கொண்டுபோகலாம்.”

கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “என்னமும் செய்யுங்க” என்றார்.

பேச்சியம்மாளும் நானும் முன்னால் ஏறினோம். சாக்குகளைப் பெண்களே பின்னால் வீசி ஏற்றினார்கள். அவ்வளவு வேகமாக யாரும் லோடு ஏற்றி நான் பார்த்ததில்லை. போகிற வழியில் பாக்டரி வாசலில் ஆள் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டிப் போனார். வழி நெடுகப் பேச்சியம்மாள் குழந்தையின் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே வந்தாள்.

தேவிகுளத்தில் டாக்டரம்மா பார்த்ததும் உள்ளே கொண்டுபோகச் சொன்னார். நுரையீரலில் சளி இறங்கியிருக்கிறது என்றார். ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். நானும் அங்கேயே தங்கிவிட்டேன். பேச்சியம்மாள் பாலைப் பீய்ச்சிக் கீழே விடும்போதெல்லாம் அழுதாள். நானும் கூட அழுதேன். மூன்றாம் நாள் மத்தியானம் குழந்தை தானாக முகத்தைத் திருப்பி மாரைத் தேடியது.

சாயங்காலம் லாரி டிரைவர் வந்து வாசலில் நின்றார். “குடிச்சோ?”

“குடிச்சுதுங்க.”

தோட்டத்தில் சேதி சொல்ல அவர் திரும்பி ஓடினார். வளைவு வளைவாக ஹாரன் அடித்துக்கொண்டு லாரி மலையேறியது.

நான் விடைபெறப் போனபோது கொட்டகை வாசலில் வெற்றிலைக்காரி நின்றாள். அத்தனை பேருக்கும் அரைநாள் கூலி வெட்டிவிட்டார்களாம். “வெட்டட்டும்” என்று சிரித்தாள். “நாளைக்கு ஒரு பிள்ள குடிக்கலைன்னா நாளைக்கும் உக்காருவோம்.” சரஸ்வதியின் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜீப் ஏறும்வரை அவர் என்னிடம் பேசவே இல்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஊர் வந்து சேர்ந்தேன். இங்கே யானை இல்லை, அட்டை இல்லை, கங்காணி இல்லை. சொந்தக் காடு, சொந்த மாடு, சொந்த வண்டி. ஆனாலும் அந்தத் தகரக் கொட்டகைப் பெண்களுக்கு இருந்த துணிவு எனக்கு இருக்கவில்லை என்று பஸ்ஸில் வரும்போதே தெரிந்துவிட்டது. மறுநாள் காலை வண்டி பூட்டிப் பழகக் களத்தில் போய் நுகத்தடியைத் தூக்கினேன்.

மாமனார் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். “ஏனம்மணி, பொம்பளை வண்டி பூட்டுனா ஊரு என்ன பேசும்?”

“பேசட்டுமுங்க மாமா. ஊரு வந்தா நம்ம புள்ளைக்கு மூச்சு உடப்போகுது?”

அவர் மறுபடி கட்டிலில் சாய்ந்தார். அந்தச் சித்திரை அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். முதல் நாள் மாடுகள் மிரண்டன, என் உள்ளங்கை தோல் உரிந்தது. இப்போது என் குரல் கேட்டதும் அவை தாமாகவே வந்து கழுத்தைக் கொடுக்கின்றன.