மருதாணி வைக்காத ஒரு நகம்

தொண்ணூறுகளின் நடுவில் தச்சநல்லூரில் குடியிருந்தோம். மகளுக்கு நான்கு வயது. ஓடி விளையாடுகிறவள் பாதியில் சட்டென்று குந்திக்கொண்டு மூச்சு வாங்குவாள். நகமெல்லாம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிடும். எதிர்வீட்டு மதினிக்கு எதையும் வேடிக்கையாகத்தான் சொல்ல வரும். “ஏளா, உம் மவ டவுன் பஸ்ஸுல்லா. நாலு எட்டுக்கு ஒரு ஸ்டாப் போடுதா” என்பார். சிரித்து வைப்பேன்.

பாளையங்கோட்டைக்கு மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து வரும் இதய டாக்டரைப் பார்க்கச் சொல்லி எங்கள் டாக்டர் கடிதம் கொடுத்தார். கடிதம், பழைய மருந்துச் சீட்டு, வெந்நீர் பிளாஸ்க், மாற்றுக் கவுன் எல்லாம் எடுத்து வைத்தேன். அப்படியும் மனம் நிற்கவில்லை. பெரிய டாக்டர் முன்னால் பிள்ளை பளிச்சென்று இருக்க வேண்டாமா? முந்தின நாள் மதியம் அவள் தூங்கும்போது மருதாணி அரைத்துக் கை நகம், கால் நகம் எல்லாம் அப்பினேன். கடைசியில் உதைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், அந்த நீலத்தைப் பார்க்க எனக்கே தைரியம் இல்லை.

மறுநாள் பஸ்ஸில் ஆற்றுப்பாலம் தாண்டும்வரை கண்டக்டருக்கு விரலைக் காட்டிக்கொண்டே வந்தாள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை நான் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோனது.

டாக்டர் வெகுநேரம் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். உதட்டைப் பார்த்தார். சும்மா உட்கார்ந்திருக்கையில் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு கையைத் திருப்பினார். பத்து நகமும் செக்கச்செவேல் என்று இருந்தது.

“யாரும்மா இதை வச்சது?”

“நான்தான் சார்.”

“நகத்தைப் பார்த்துத்தான் நாங்க நோயைப் படிக்கணும். படிக்க வேண்டிய பக்கத்துல மையைக் கொட்டிட்டீங்களே.”

அவர் காலைப் பார்த்தார். அங்கேயும் சிவப்பு. அப்போது மகளே இடது காலை நீட்டினாள். “குட்டி வெரல்ல அம்மா வைக்கல. கூசுச்சுல்லா, நான் உதைச்சிட்டேன்.”

வராந்தாவில் அவளை இரண்டு தடவை நடக்கவிட்டார். திரும்பி வந்ததும் குந்திக்கொண்டாள். அந்தச் சுண்டுவிரல் நகம் மட்டும் நீலமாக இருந்தது.

“வீட்லயும் இப்படித்தானா?”

மூடி மறைக்க இனி என்ன இருக்கிறது? அழுதுகொண்டே மதினியின் டவுன் பஸ்ஸையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை எட்டுக்கு ஒரு ஸ்டாப் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

இதயத்தில் ஓட்டை, தள்ளிப்போடக் கூடாது என்றார். மதராஸில் ஆபரேஷன் ஆனது. மகள் இன்று தன் பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள், எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல். அவள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று என்னென்னவோ செய்த நான், ஒன்றுமே செய்யாமல் விட்ட அந்த ஒரு நகம்தான் அவளுக்காகப் பேசியது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் வருகிறது.